ரோஜா மணமும் சோளகப் புழுதியும்: சுவாசம் காத்த மருத்துவத்தின் வரலாறு

 

வைகாசி பிறந்து சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் புழுதி வாசற்படியைத் தாண்டி நம் பாயிலும் தலையணையிலும் வந்து படிந்துவிடுகின்றது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை பெய்து சுவர்கள் ஈரமுற, மூலைகளில் பூஞ்சணம் கறுக்கின்றது. மழை ஓய்ந்ததும் வேலியோரப் புற்கள் பூக்கின்றன. வாடைக்காற்றோ தடிமனைக் கூட்டி வருகின்றது. ஆண்டின் ஏதோவொரு பருவத்தில் தும்மலும் மூக்கடைப்பும் கண்ணரிப்பும் நெஞ்சிறுக்கமும் எட்டிப்பாராத வீடு நம்மிடையே அரிது. நம் மூத்தோர் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்லிவந்த வருத்தத்தை இன்றைய வைத்தியர்கள் ஆஸ்துமா என்கின்றனர். அதற்கு முன்னோடியாகப் பலரிடம் காணப்படும் தும்மலையும் மூக்கொழுகலையும் ஒவ்வாமை என்கின்றனர்.

இவ்வருத்தம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். இங்கிலிஷ் மருந்தில்லாமல் இயற்கையாகவே இதனைச் சுகப்படுத்த முடியாதா என்பது ஒன்று. பம்ப் பழகிவிட்டால் பிறகு அதனை விடவே முடியாதாமே என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. அவ்வழியில் நடந்தால், இயற்கை மருந்து என்றும் பம்ப் என்றும் நாம் எதிரெதிராக நிறுத்திவைத்திருக்கும் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது தெரியவரும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் ரை நகரில் பிறந்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி. ரையிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கிய மாமேதை அவர். சின்னமுத்தையும் பெரியம்மையையும் பிரித்தறிந்து எழுதியவர் என்ற வகையில் அவரைப் பலரும் அறிவர். ஆனால் அவர் எழுதிய ஒரு சிறு நூலைப் பற்றி நம்மிற் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். அக்காலத்துப் பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கிக்கு ஒவ்வோர் இளவேனிலிலும், ரோஜா மலரும் காலத்தில், அதன் மணத்தை முகர்ந்ததும் மூக்கொழுகலும் தடிமனும் உண்டாயின. ஏனைய காலங்களில் அவர் சுகமாகவே இருந்தார். இது ஏன் என்பதை ஆராய்வதற்கென்றே அர்ராஸி ஒரு கட்டுரை வரைந்தார். பருவந்தோறும் தோன்றி மறையும் ஒவ்வாமையைத் தனிப்பொருளாக எடுத்து எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதனை மதிக்கின்றனர்.

அர்ராஸி தந்த விளக்கம் அவருடைய காலத்துக்குரியது. உடலின் நால்வகைத் திரவங்கள், மூளையின் ஈரம் என்றெல்லாம் அது செல்கின்றது. இன்று அதனை ஏற்பாரில்லை. எனினும் அவர் நோயைப் பார்த்த முறையை இன்றும் எந்த வைத்தியரும் தள்ளமாட்டார். எப்போது வருகின்றது, எதை அணுகினால் வருகின்றது, எப்போது வராதிருக்கின்றது என்பவற்றைக் கேட்டு, நோய்க்கும் பருவத்துக்கும் இடையிலுள்ள கயிற்றை அவர் பிடித்தார். நோயைத் தூண்டுவதிலிருந்து விலகி நில் என்பது அவருடைய அறிவுரையின் அடிப்படை.

பக்தாதில் வைத்தியசாலை கட்ட இடம் தேர்ந்தபோது நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது கெட்டுப்போக அதிக நாளெடுத்ததோ அவ்விடத்தையே அர்ராஸி தெரிவுசெய்தார் என்றொரு செய்தியும் பழைய நூல்களில் உண்டு. காலக்கணக்கு ஒத்துவரவில்லை என்று சில ஆய்வாளர் ஐயுறுகின்றனர். நிகழ்ந்ததோ இல்லையோ, நோயாளியின் நலம் அவன் சுவாசிக்கும் காற்றில் தங்கியுள்ளது என்று அச்சமூகம் நம்பியிருந்ததை அச்செய்தி காட்டுகின்றது.

ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கெய்ரோவில், அய்யூபி அரசவையின் வைத்தியராக விளங்கிய யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், ஆஸ்துமாவைப் பற்றி அரபு மொழியில் ஒரு தனிநூல் எழுதினார். உயர்குடிப் பிறந்த நோயாளி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட நூல் அது. அந்நூலின் பெரும்பகுதியில் மருந்துப் பெயர்கள் இல்லை. உணவு, உறக்கம், மனநிலை, நகரத்துக் காற்று என்பனவே பேசப்படுகின்றன. நெருங்கிய வீடுகளும் புகையும் அழுக்கும் சூழ்ந்த நகரத்தின் காற்றுக் கலங்கியது. முடிந்தால் ஊரின் ஓரத்தில், திறந்த வெளியில் குடியிருக்க வேண்டும் என்கிறார். ஒரே மருந்தால் இந்நோயை மாயமாக மறையச் செய்யலாம் என்ற நம்பிக்கையை அவர் ஊட்டவில்லை. முஸ்லிம் ஆட்சியில், அரபு மொழியில், ஒரு யூத வைத்தியர் செய்த பணி இது. அறிவை யார் கையிலிருந்தும் பெற்றுக்கொண்ட அப்பரந்த மனம் இன்று நம்மிடம் எவ்வளவு இருக்கின்றது என்று நான் சிலவேளை எண்ணுவதுண்டு.

மேற்குலகம் இவ்விடயத்திற் பிந்தியே கண்விழித்தது. 1819இல் லண்டன் வைத்தியர் ஜோன் பொஸ்டொக் தமக்கே கோடைதோறும் வரும் கண்ணெரிச்சலையும் தும்மலையும் விவரித்தார். 1873இல் மான்செஸ்டர் நகரின் சார்ள்ஸ் பிளாக்லி, அதற்குக் காரணம் புல்லின் மகரந்தமே என்று சோதனைகளோடு நிறுவினார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்திற் கட்டி மேலே பறக்கவிட்டு, வானில் மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்து எண்ணியவர் அவர். பட்டம் ஏற்றுவதிற் பெயர்பெற்ற நம் குடாநாட்டு இளைஞர்களுக்கு இச்செய்தி பிடிக்கும் என நினைக்கிறேன்.

பிளாக்லியின் கண்டுபிடிப்பு அர்ராஸியின் நோயாளியைப் பற்றியும் ஒரு கேள்வியை எழுப்புகின்றது. ரோஜாவின் மகரந்தம் கனமானது. தேனீயும் வண்டும் எடுத்துச் செல்வதற்கென்று அமைந்தது. ஆகவே அல்பல்கியை வருத்தியது ரோஜாவா, அதே பருவத்தில் கண்ணுக்குத் தெரியாமற் காற்றிற் பறந்த வேறொரு மகரந்தமா என்று கேட்க இடமுண்டு. நாமும் இப்படித்தான் முற்றத்து வேப்பம்பூவையும் மாம்பூவையும் குற்றஞ்சாட்டுகின்றோம். உண்மையான எதிரி பலவேளை நாம் தலைவைத்துப் படுக்கும் தலையணைக்குள் இருக்கின்றது. வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணிகளே ஒவ்வாமையின் முக்கிய காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம்மைப் போன்ற நாடுகளில் அவை செழித்து வளர்கின்றன.

இனி மூலிகைகளுக்கு வருவோம். இயற்கை வைத்தியம் என்று நாம் பெருமைப்படுவதற்கு உண்மையான காரணம் இங்கேதான் உள்ளது.

1802ஆம் ஆண்டளவில் சென்னையிற் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் அண்டர்சன், ஊமத்தையைப் பொடித்துச் சுங்கானில் வைத்துப் புகைத்தால் ஆஸ்துமா தணிகின்றது என்ற நாட்டு வைத்திய முறையைக் கடைப்பிடித்தார். அச்செய்தி அங்கிருந்து எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் சென்றது. அடுத்த நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பாவெங்கும் ஊமத்தை இனச் செடிகளால் ஆன 'ஆஸ்துமா சிகரெட்டுகள்' மருந்துக்கடைகளில் விற்கப்பட்டன. நம் வேலியோரத்திற் கிடக்கும் செடியின் குணம் உலகத்தைச் சுற்றிவந்தது. ஆனால் ஊமத்தை நஞ்சு. அளவு சற்று மீறினால் சித்தப்பிரமையும் மரணமும் நேரும். புகையோ நுரையீரலுக்குப் பகை. எனவே அறிஞர்கள் அச்செடியின் சத்தாகிய அட்ரோபினை ஆராய்ந்து, அதனைச் சார்ந்து இப்ராட்ரோபியம் என்னும் மருந்தை உருவாக்கினர். இன்று வைத்தியசாலையில் மூச்சு முட்டும் நோயாளிக்கு முகமூடி வழியே ஆவியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. வீட்டில் ஊமத்தையைத் தொட்டும் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது செடி ஆடாதோடை. குடாநாட்டிற் பாவட்டை என்றும் வழங்குவர். இருமலுக்கும் சளிக்கும் அதன் இலையைக் குடிநீராக்கிக் கொடுப்பது சித்த, யூனானி வைத்தியங்களின் பழைய வழக்கம். அதன் சத்தாகிய வசிசினைப் பின்பற்றி 1960களில் செயற்கையாக ஆக்கப்பட்டதே புரோம்ஹெக்சின். சளியை இளக்கவென்று நாம் மருந்துக்கடையில் வாங்கும் பல பாணிகளின் உள்ளடக்கம் அது. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது; கர்ப்பிணித் தாய்மார் அதனைத் தவிர்க்க வேண்டும். இயற்கையானது என்பதனாலேயே தீங்கற்றது என்று கொள்ளலாகாது.

மூன்றாவது செடியின் கதையே என் மனதை மிகவும் கவர்ந்தது. எகிப்திலும் ஷாம் நாட்டிலும் விளையும் கெல்லா என்ற செடியின் விதையை அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக நாட்டு மருந்தாக உபயோகித்து வந்தனர். அதன் சத்து மூச்சுக்குழாயைத் தளர்த்துவது இருபதாம் நூற்றாண்டிலே தெரியவந்தது. 1922இல் ஸிரியாவின் ஹலப் நகரிற் பிறந்த ரொஜர் அல்தூன்யன், அந்நகரில் வைத்தியசாலை நிறுவிய ஆர்மீனியக் குடும்பத்தின் வழித்தோன்றல். அவரே ஆஸ்துமா நோயாளி. இங்கிலாந்தில் ஒரு மருந்து ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, கெல்லாவின் சத்தையொத்த பல சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தம் உடலிலேயே சோதித்தார். தமக்கு ஒவ்வாத கினிப்பன்றி ரோமத்தின் தூசியைச் சுவாசித்துத் தாமே இழுப்பை வரவழைத்துக்கொண்டு, எந்தச் சேர்மம் அதனைத் தடுக்கின்றது என்று பல ஆண்டுகள் அளந்து பார்த்தார். 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. இழுப்பு வருமுன் தடுக்கும் மருந்தாக அது உலகெங்கும் பரவியது. அதனை உள்ளிழுப்பதற்கு அவர் அமைத்த சிறு கருவியிற் காற்றாடி ஒன்று சுழலும். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய அனுபவம் அதற்குக் கைகொடுத்தது.

நம் குடாநாடும் இவ்வரலாற்றுக்கு வெளியே இருக்கவில்லை. யாழ்ப்பாண மன்னர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஏட்டுச்சுவடிகளாகப் பரம்பரை வைத்தியர் இல்லங்களிற் பாதுகாக்கப்பட்டன. பரராசசேகரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலையிலிருந்து அச்சேறியது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், நோய்ச்சிகிச்சை நூல் 'வைத்தியாகரம்' எனவும் 1872இல் தமிழில் வெளிவந்தன. நுரையீரலும் மூச்சுக்குழாயும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தன் தாய்மொழியில் ஒரு மாணவன் கற்கும் வாய்ப்பு, ஆசியாவின் பல பகுதிகளில் இல்லாத காலத்தில் மானிப்பாயில் இருந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியிற் சித்த மருத்துவம் கற்பிக்கின்றது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி முறைகளையும் அங்கீகரித்துள்ளது. ஆதலால் மூலிகை நாடுவோர் பதிவுபெற்ற வைத்தியரை நாட வழியுண்டு. சந்தையில் ஒலிபெருக்கி கட்டிப் பெயரில்லாத போத்தலை விற்பவரிடம் பிள்ளையின் நெஞ்சை ஒப்படைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

கருஞ்சீரகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் சிறப்பைக் கூறும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆஸ்துமா நோயாளரிடையே நடந்த சில சிறு ஆய்வுகளில் அது ஓரளவு நன்மை காட்டியுள்ளது. ஆனால் அவ்வாய்வுகளில் நோயாளர் வழமையான மருந்துகளை நிறுத்தவில்லை. பெரும்பாலும் அவற்றோடு சேர்த்தே கருஞ்சீரகம் கொடுக்கப்பட்டது. தூதுவளைக்கும் இதுபோன்ற சிறு ஆய்வுகள் உண்டு. துவையலும் இரசமும் வைத்து உண்பதில் தடையேதுமில்லை. தேன் இருமலைத் தணிக்கும். ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டும் வைக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி சிசுவின் உயிருக்கு ஆபத்தானது. பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கமுள்ள பாட்டிமார் இதனைக் கேட்டு என்மீது கோபிக்கலாம், கோபித்தாலும் பரவாயில்லை.

மருந்துச் செலவில்லாத இயற்கை வழி ஒன்று நம் வுழூவிலேயே இருக்கின்றது. நாசிக்குள் நீர் செலுத்திச் சிந்துவது ஒவ்வாமையுள்ளவரின் மூக்கிற் படிந்த தூசியையும் மகரந்தத்தையும் கழுவுகின்றது. வைத்தியர்கள் இதற்கென உப்புநீரைப் பரிந்துரைக்கின்றனர். அவ்வாறு ஆழமாகக் கழுவும்போது கிணற்று நீரை அப்படியே எடுக்காமல், கொதித்து ஆறிய நீரிற் சிறிது உப்பிட்டுப் பயன்படுத்த வேண்டும். கொதிக்கும் பானைமீது பிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிப்பதோ வேறு விடயம். பானை கவிழ்ந்து வெந்துபோன சிறுவர்கள் பலர்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமாக வெளியேற்றப்பட்ட நாம், புத்தளத்து ஓலைக் குடிசைகளில் விறகுப் புகைக்கிடையே பிள்ளைகளை வளர்த்தோம். திரும்பி வந்தவர்களை வரவேற்றவை கூரையிழந்து மழையில் ஊறிய சுவர்கள். சோனகதெருவிலும் சுற்றிலும் அவ்வாறான வீடுகளைத் திருத்திக் குடியிருப்போர், பூஞ்சணம் பிடித்த சுவரின்மேல் நிறம் பூசி மறைத்துவிடக் கூடாது. பழுதான பூச்சைச் சுரண்டி, ஈரம் வரும் வழியை அடைத்து, வெயிலும் காற்றும் புகச் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். தலையணை உறையையும் விரிப்பையும் வாரமொருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலிற் காயவிடுங்கள். பிள்ளை உறங்கும் அறையில் நுளம்புச்சுருள் வேண்டாம், வலை போதும். முற்றத்துக் குப்பையைக் கொளுத்துவதும், வீட்டுக்குள் சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பதும் ஆஸ்துமாப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். வெள்ளி இரவில் சாம்பிராணி போடும் பழக்கத்தையும் இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை. நறுமணம் நமக்கு விருப்பமானதுதான். ஆனால் ரோஜா மணத்தையே விட்டு விலகச் சொன்ன அர்ராஸி, சாம்பிராணிப் புகை மூடிய அறையில் இருமும் பிள்ளையைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்?

பம்ப் பற்றிய இரண்டாவது கேள்வி எஞ்சியுள்ளது. அதில் இருவகை உண்டு. பெரும்பாலும் நீல நிறமான ஒன்று இறுகிய குழாயை உடனே தளர்த்துகின்றது. அது நம் உடலிற் சுரக்கும் அட்ரினலினைப் பின்பற்றி ஆக்கப்பட்டது. மற்றொன்று, குழாயின் உள்வீக்கத்தை நாளாந்தம் தணிக்கும் தடுப்பு மருந்து. இதுவும் உடலே சுரக்கும் ஒரு சுரப்பை ஒத்ததுதான். இவை போதைபோற் பழகுவதில்லை. வீக்கம் தொடரும்வரை மருந்து தேவைப்படுகின்றது. அதனைப் 'பழகிவிட்டது' என்று தவறாகப் பெயரிடுகின்றோம். குளிசையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேரே நுரையீரலுக்குச் செல்வது பம்பின் சிறப்பு. நீல நிறப் பம்பை வாரத்திற் பலமுறை நாடுகின்ற பிள்ளைக்குத் தடுப்பு மருந்து போதவில்லை என்று பொருள். வைத்தியரிடம் காட்ட வேண்டும். கலியாணப் பேச்சுக்கு இடையூறாகுமென்று பெண்பிள்ளையின் பம்பை அலுமாரிக்குள் ஒளித்துவைக்கும் தாய்மாரிடம் கேட்கிறேன்: நள்ளிரவில் அவளுக்கு மூச்சு முட்டினால் அந்த அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கும்?

ரமழானில் பம்ப் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடமும் வைத்தியரிடமும் ரமழானுக்கு முன்னரே கேட்டுத் தெளியுங்கள். தடுப்பு மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலுமாக அமைத்துக்கொள்ளப் பலருக்கு முடிகின்றது. இழுப்பு வந்தபின் எவரும் காத்திருக்கலாகாது. நோயாளிக்கு நோன்பைப் பிற்போடும் சலுகையை அல்குர்ஆனே வழங்கியுள்ளது.

பிள்ளை ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், விலா எலும்பின் இடைவெளி உள்ளே குழிந்தால், உதடு நீலம் பாரித்தால், நீலப் பம்ப் எடுத்தும் இளக்கம் கிடைக்காவிட்டால் கசாயம் காய்ச்ச நேரமில்லை. 2018ஆம் ஆண்டிலிருந்து வடமாகாணத்திலும் ஓடுகின்ற சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள். அதன் தொலைபேசி எண் 1990. வடபுல முஸ்லிம்களாகிய நமக்கு அதனை மனனம் செய்யத் தேவையில்லை.